கரைந்த திடப்பொருள்

தம்பி அனுப்பிய பாட்டில்
மூன்று துணி சுற்றி ஒரு சாக்ஸுக்குள் வந்தது.
கொண்டுவந்தவன் கடையநல்லூர்க்காரன்,
பிராக்கில் ஏதோ கம்பெனியில் வேலை.
"சாய்க்காதீங்க, மருந்துத் தண்ணி" என்றான்
மெயின் அருவிக்குப் போகிற அவசரத்தில்.

தென்காசியில், நீர்ப் பரிசோதனைக் கூடத்தில்
தண்ணீரைச் சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம்.

மாசானம் ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்தவன்.
முகம் மறந்துவிடும் அவனுக்கு, முதுகு மறக்காது.
சிவகாசி முதுகில் மருந்து வாசம்,
லாரிக்காரர் முதுகு ஒருபக்கம் சாய்ந்தது,
உப்பளத்து முதுகு கை வைத்தாலே உரியும்.
பிறகு கோவளம். பிறகு துபாய்.
இப்போது கார்லோவி வாரி என்கிற ஊரில்,
பூமியைப் பிளந்துகொண்டு
கொதிநீர் ஆளுயரம் தாண்டி எழும்புகிற ஊரில்
வெள்ளை உடுப்போடு நிற்கிறான்.

"இங்க ஆரும் தண்ணிக்குக் கீழ நிக்க மாட்டாவ, அக்கா.
கோப்பையில பிடிச்சுக் குடிக்காவ.
டாக்டர் சீட்டு எழுதுதாரு,
காலையில மூணு கோப்பை, நடந்துக்கிட்டே.
கோப்பைக்குக் கைப்பிடிதான் வாய்."

மூடியைத் திறந்தேன்.
ஒரு சொட்டு நாக்கில்:
உப்பு, பின்னாலேயே ஆணி.
மீட்டரில் எண் ஏறி ஏறி
ஆறாயிரத்தைத் தாண்டியது.
எங்கள் கணக்கில் ஐந்நூறு நல்லது;
வேறு வழியே இல்லையென்றால் இரண்டாயிரம்.
ஞானதிரவியம் சார் கண்ணாடியை ஏற்றிப் பார்த்து
"எந்த ஊர் போர் இது? உடனே மூடச் சொல்லு" என்றார்.

சொன்னேன்.
ராஜாக்கள் வந்து குடித்த தண்ணீர் சார்,
இன்றைக்கும் பிளேன் பிடித்து வருகிறார்களாம்.
சார் சிரிக்கவில்லை.
கை பழக்கத்தில் படிவத்தை எடுத்து எழுதியது:
குடிக்க உகந்ததல்ல.

அன்று சாயங்காலம்
ஐந்தருவித் தண்ணீரையும் வைத்துப் பார்த்தேன்.
முப்பத்தொன்று.
மலை முழுக்க மூலிகை, அத்தனையும் இதில் இறங்குகிறது என்று
ஊரே சத்தியம் செய்கிற தண்ணீரில்
கரைந்திருப்பது முப்பத்தொன்று.
இரண்டாம் முறையும் அதே.
(கிருமிக் கணக்கு வேறு தாளில் இருக்கிறது.
சீசன் முடியட்டும்.)
பிறகு எதற்கு வரிசையில் நின்று
மண்டையில் அடி வாங்கி
தேறிவிட்டது என்று திரும்பிப் போகிறார்கள்
என்று கேட்க
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

போன வாரம் மாசானம் கூப்பிட்டான்.
மணிக்கட்டு வீங்கிவிட்டது.
ஒரு நாளைக்குப் பதினோரு உடம்பு.
வேலையாட்கள் குளத்தில் இறங்கக் கூடாது.
"ரூம்புக்குள்ள அருவிச் சத்தம் போடுதாவ, பெட்டியில.
அது என்னமோ தாலாட்டுத மாதிரி கிடக்கு.
நம்மது ஏசும்லா.
ஒரு பாட்டில் பிடிச்சு அனுப்புதியா?"

கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்தால்
ஐஸ் பெட்டிக்குள் ஆறு மணி நேரம்.
அதற்குமேல் அது என்ன தண்ணீர் என்று
நான் கையெழுத்துப் போட மாட்டேன்.
தம்பிக்கும் போட மாட்டேன்.

காலை ஐந்து மணி. அங்கே இரவு ஒன்றரை.
போனைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி
பெண்கள் பக்கம் போய்
விழுகிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன்.
அவன் பேசினானா, தெரியாது.
உறைக்குள் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன.
ஏழு. எட்டு.
வெளிச்சம் வர வர
சாரலில் எழுத்து அழிந்து தெரிந்தது.
பதினொன்றில் ஒரு ராஜபாளையத்து அம்மாள்
முழங்கையால் என்னைத் தள்ளினாள்,
"குளிக்க வந்தியா, போன் பேச வந்தியா?"

ஈரத்தோடு வந்து பார்த்தால்
ஒரே ஒரு சொல் கிடந்தது:
ஏசுது.

மணிக்கட்டு எப்படி என்று கேட்டு அனுப்பினேன்.
மத்தியானம் பதில் வந்தது.
வீக்கம் அப்படியேதான்.